சரோஜாவும் மூளி அலங்காரியும்: மெகா தொடர் பார்த்தவர்களின் வரலாறு குறித்து

1

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற சாலையின் முடிவில் இருக்கிறது அய்யனார் கோவில். நீர் காத்த அய்யனார். ஆற்றில் தண்ணீர் வந்தால் குளிக்கப் போகிற கூட்டம், மற்ற நாட்களில் நேர்த்திக்கடன், பொங்கல். 1988இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டிய பகுதி என்பதால் வனத்துறையின் கெடுபிடியும் உண்டு. போனில் டவர் சரியாகக் கிடைக்காது. எனவே பொங்கலுக்கு வந்திருந்த எங்கள் வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு ஒரு சாவிலிருந்து தொடங்கியது. 'மெட்டி ஒலி'யில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021 அக்டோபரில் இறந்துபோனார். "நம்ம விஜி செத்துப்போச்சுல்ல, பாவம், நாப்பது வயசுதான்" என்றார் மதினி. சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் சாவைச் சொல்வது போலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம், பொங்கல் பொங்கி இறங்கி ஆறிப்போகிற வரைக்கும், இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றியே பேச்சு. யாருக்கு யார் என்ன முறை, யார் யாரை என்ன சொன்னார்கள், எந்த நகை எப்போது அடகுக்குப் போனது, எல்லாம் துல்லியமாக. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தொடர் ஓடிய வருஷங்களில் நானும் நண்பர்களும் நடத்திய வாசகர் வட்டத்தில் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'அழுவாச்சி'. ஒரு பகுதிகூட முழுசாகப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு கட்டுரையும் வாசித்தேன்.

இந்தக் குறிப்புகள் அந்தக் கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு என்று கொள்ளலாம்.

2

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ரசிகர் என்கிற சொல் தமிழில் ஆணுடைய சொல்லாகவே இருந்துவந்திருக்கிறது. ரசிகர் என்றால் மன்றம், கொடி, சுவரொட்டி, முதல் நாள் முதல் காட்சி, பிறகு கட்சி. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய 'தி இமேஜ் ட்ராப்', மதுரையின் ஏழை மக்களும் சினிமாவும் குறித்து சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட ஆய்வு ஆகியவை ரசிகரை நமக்கு ஆய்வுப்பொருளாக்கித் தந்தன. ஆனால் தொடர் பார்த்த பெண்ணுக்கு மன்றம் கிடையாது. நோட்டீஸ் கிடையாது. தன்னை ரசிகை என்று அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. "பாக்குறது" என்பதோடு சரி. தடயம் எதையும் விட்டுச்செல்லாத ஒரு பார்த்தல். ஆவணம் இல்லாதவர்களுக்கு வரலாறு இல்லை என்கிற பழைய விதி இங்கேயும் செயல்படுகிறது.

அந்த வரலாற்றின் மேல்கட்டு மட்டும் நமக்குத் தெரியும். அமெரிக்க வானொலியில் 1930களில் சோப்புக் கம்பெனிகள், பகலில் வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சரக்கு விற்பதற்காகத் தொடர்கதைகளுக்குப் பணம் கொடுத்தன. 'சோப் ஓபரா' என்று கேலிப் பெயர் வந்தது. அதில் ஒன்றான 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. 72 வருஷம். இந்தியாவுக்கு இந்த வடிவம் வந்தது மெக்சிகோ வழியாக. குடும்பக் கட்டுப்பாடு, எழுத்தறிவு போன்ற செய்திகளைக் கதைக்குள் வைத்துத் தரும் மிகேல் சபிடோவின் முறையைப் பார்த்து தூர்தர்ஷன் 1984 ஜூலை 7இல் 'ஹம் லோக்'கைத் தொடங்கியது. ஆக, அங்கே சோப்பு விற்க வந்தது, இங்கே அரசின் அறிவுரையை விற்க வந்தது. இரண்டு இடத்திலும் எதிரே உட்கார்ந்திருந்தவள் பெண்.

1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. அதற்கு முன்பும் பின்பும் கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' போன்றவை வாரத்துக்கு ஒருமுறை வந்துபோயின. வாரத் தொடர் என்பது வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் பழக்கம்தான். லட்சுமியையும் சிவசங்கரியையும் அனுராதா ரமணனையும் வாரம் ஒருமுறை படித்த கண்ணுக்கு அது புதிதல்ல. புதிது என்பது தினமும் வருவது. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கி 2001 வரை ஓடியது. பிறகு திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி', 2002 முதல் 2005 வரை 800க்கும் மேற்பட்ட பகுதிகள். பிறகு திருச்செல்வம் இயக்கத்தில் தேவயானி அபியாக நடித்த 'கோலங்கள்', 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகள். இப்படித் தினசரி வந்ததும் தொடர் என்பது படிக்கிற கதையாக இல்லாமல் உலை வைப்பது, பால் காய்ச்சுவது போல அன்றாடத்தின் ஒரு வேலையாகிவிட்டது.

அப்போது நாம் சொன்னது என்ன? அடோர்னோவைப் படித்துவிட்டு கலாச்சாரத் தொழிற்சாலை என்றோம். அல்தூசரைப் படித்துவிட்டுக் குடும்பம் என்கிற கருத்தியல் கருவியின் மறுஉற்பத்தி என்றோம். இரண்டும் தவறென்று நான் இப்போதும் சொல்லவரவில்லை. ஆனால் அதே காலத்தில் வேறு சில வாசிப்புகளும் இருந்தன, அவற்றை நாம் வசதியாகத் தவிர்த்தோம். டானியா மாட்லெஸ்கி 1982இலேயே, நடுநடுவே அறுந்து அறுந்து போகும் சோப் ஓபராவின் வடிவம், நடுநடுவே அறுந்து போகும் வீட்டு வேலையின் தாளத்தோடு இயைந்தது என்று எழுதினார். நெதர்லாந்தில் இயென் ஆங், 'டல்லாஸ்' தொடர் பார்ப்பவர்கள் தனக்கு எழுதும்படி ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, வந்த 42 கடிதங்களை வைத்துக்கொண்டே ஒரு புத்தகம் எழுதினார். பூர்ணிமா மான்கேகர் டெல்லியின் கீழ் நடுத்தர வீடுகளில் பெண்களோடு உட்கார்ந்து தூர்தர்ஷன் பார்த்து 1999இல் தன் நூலை வெளியிட்டார். 'சித்தி' தொடங்கிய அதே வருஷம். நாமோ நம் வீட்டு அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரதியைக் கட்டுடைத்தோம், பார்த்தவளை விட்டுவிட்டோம்.

3

பார்த்தவள் எங்கே உட்கார்ந்து பார்த்தாள்? கோவில் பேச்சில் முதலில் வந்தது இதுதான். கதையை விட இடம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

"எங்க தெருவுல மூணு வீட்டுலதான் டி.வி. நடுவீட்டுல சொந்தக்காரங்க, திண்ணையில தெருக்காரங்க" என்றார் பெரியம்மா. மதினியின் சிநேகிதி, ராஜபாளையத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர், பஞ்சு மில்லில் வேலை பார்த்து நின்றவர், அதுவரை பேசாமல் இருந்தவர், சொன்னார்: "நாங்க ஜன்னலுக்கு வெளிய. நின்னுக்கிட்டேதான். சித்தி பூரா நின்னுக்கிட்டே பாத்தது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த வாக்கியத்தை அதன் வருஷங்களில் வைத்துப் படிக்க வேண்டும். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்திலும் தெற்கேயும் என்ன நடந்தது என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கலவரம், துப்பாக்கிச் சூடு, கடைசியில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு நீக்கிவிட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுக் கிராமங்கள் அந்தத் தீயில் வெந்தவை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து அதே ஊர்களில் ஒரு டி.வி. பெட்டியின் முன்னால் நடுவீடு, திண்ணை, ஜன்னல் என்று மூன்று வரிசை. திரையில் தெரிந்த வீட்டுக்குச் சாதி கிடையாது. அதாவது சொல்லப்படாத ஒரு சாதி மட்டும் உண்டு. திரைக்கு முன்னால் எல்லாச் சாதியும் உண்டு. கதைக்குள் இல்லாத சாதி, பார்க்கும் இடமாக வெளியே உட்கார்ந்திருந்தது. கதையை மட்டும் ஆராய்ந்த விமர்சனத்துக்கு இது கண்ணில் படாது.

2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011க்குள் ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் பெட்டிகள். நடுத்தர வர்க்கம் அதைக் கேலி செய்தது, நாமும் சேர்ந்துகொண்டோம். ஓட்டுக்கு லஞ்சம், கேபிள் வியாபாரத்துக்கு வாடிக்கை பிடிக்கும் தந்திரம். இதிலெல்லாம் உண்மை உண்டு. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவர் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்? "பெட்டி வந்த அன்னைக்கு கோலங்கள். மொத மொத தரையில உக்காந்து, கால நீட்டிக்கிட்டுப் பாத்தேன்." கால் நீட்டி உட்கார்ந்து பார்ப்பது ஓர் உரிமை என்பது எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பெரியம்மாவோ திண்ணைக் கூட்டம் கலைந்துபோனதைத்தான் சொன்னார்: "எல்லாரு வீட்டுக்கும் பெட்டி வந்துச்சு, பேச்சு போச்சு." ஒரே நிகழ்வு ஒருவருக்கு இழப்பாகவும் இன்னொருவருக்கு விடுதலையாகவும் இருக்கிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. நடுவீட்டின் ஏக்கத்தை மட்டும் வரலாறாக எழுதினால் அது ஜன்னலை மூடிவிடும்.

இன்னொன்று, பிரைம் டைம் என்கிற சொல். விளம்பரக்காரனின் முதன்மை நேரம். இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே பெண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்கிற கணக்கின் மேல் கட்டப்பட்டது அது. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அந்த விலக்கு சமத்துவத்துக்கு எதிரானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. சமத்துவத்தின் பெயரால் வந்த தீர்ப்பு, மில் முதலாளிகளுக்கு மூன்று ஷிப்டுக்கும் மலிவான கையைக் கொடுத்தது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் பரவியது: கல்யாண வயசுப் பெண்ணை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. வரதட்சணையையே சம்பளமாக உருமாற்றிய ஏற்பாடு. பெயரிலேயே தாலி.

மில் பெண்மணியின் மகளும் அப்படி ஒரு விடுதியில் இருந்தவள். "அவளுக்கு நைட்டு ஷிப்ட். வாரம் ஒரு நா லீவு. போன்ல கேப்பா, சரோஜா என்ன ஆனான்னு. ஒரு ரூபா காயின் போட்டுப் பேசுறது. எனக்குச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காசு முடிஞ்சிரும்." கல்யாணத்துக்காக வாடும் பெண்களின் கதையை, கல்யாணத்துக்காக வேலை செய்த பெண்ணால் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அந்தத் தொடர் அம்மாவின் குரலில், ஒரு ரூபாய்த் துண்டுகளாக ஓடியது. ரசிகை என்றால் யார் என்று கேட்டால், ஒரு பகுதியும் பார்க்காத அந்தப் பெண்ணையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

4

இந்த மண்ணுக்கு மெகா தொடர் 1999இல்தான் வந்தது என்பதும் சரியல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரம். நல்லதங்காளின் ஊர். அங்கே அவளுக்குக் கோவில் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டைத் தேடி வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி, கூத்தாக, ஒப்பாரியாக, 1955இல் சினிமாவாக, தலைமுறைகளை அழவைத்த கதை. பிறந்த வீடு, புகுந்த வீடு, நாத்தனார், அண்ணி, வாசலில் நிற்கும் பெண். மெகா தொடரின் எல்லா உறுப்புகளும் அங்கே இருக்கின்றன.

அங்கே செயல்படும் தந்திரமும் இங்கே செயல்படுகிறது. நல்லதங்காளைக் கொன்றது பஞ்சம். கொன்றது, பிறந்த வீட்டில் மகளுக்குப் பங்கில்லை, அண்ணன் மனசு வைத்தால்தான் சோறு என்கிற சொத்து ஏற்பாடு. ஆனால் கதை அந்தக் குற்றத்தை முழுக்க இன்னொரு பெண்ணின் தலையில் கட்டிவிடுகிறது. பெயரையே பாருங்கள், மூளி. நல்லதம்பி நல்லவன், ஏனென்றால் அவன் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. அமைப்பின் வன்முறை ஒரு பெண்ணின் குணமாகப் பெயர்க்கப்படும்போதுதான் கண்ணீர் சாத்தியமாகிறது.

'மெட்டி ஒலி'யில் டெல்லி குமார் நடித்த சிதம்பரம் தாயில்லாத ஐந்து பெண்களின் அப்பா. காயத்ரி சாஸ்திரி நடித்த இரண்டாமவள் சரோஜாவுக்கு வாய்த்த மாமியார், சாந்தி வில்லியம்ஸ். அந்த நடிகையை ஊர் வைத ஏச்சு இன்றும் பெண்களுக்கு மனப்பாடம். ஐந்து பெண்ணைக் கரையேற்றுவது என்கிற பாரத்தை ஒரு மனிதன் தலையில் வைத்தது எது என்ற கேள்வி, மாமியார் முகம் திரையில் வந்ததும் கரைந்துபோகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்தது. தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005 செப்டம்பரிலும் பூர்விகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் ஆனது. தமிழ்நாட்டுச் சட்டம் அதற்குமுன் கல்யாணமான பெண்களை விலக்கியும் வைத்தது. தொடர் முடிந்த வருஷமும் 2005தான். கோவிலில் நான் கேட்டேன்: "அஞ்சு பொண்ணுல ஒருத்தியாவது பங்குன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?" யாருக்கும் அப்படி ஒரு காட்சி நினைவில்லை. மதினி சிரித்தார். "நாங்க மட்டும் கேட்டோமா? கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம்."

இது பிரதியைப் பற்றிய விமர்சனம் மட்டும் அல்ல. கதையில் நினைவில்லாத சொல்லும் வாழ்க்கையில் கேட்காத சொல்லும் ஒன்றே என்று தெரிந்து சொன்ன சிரிப்பு அது. தொடர் தன்னை ஏமாற்றியது என்று மதினி சொல்லவில்லை. தொடரும் தானும் ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டோம் என்கிறார்.

5

இயென் ஆங்கும் மான்கேகரும் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதோ ஓடிய சூட்டிலோ கேட்டவர்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்து, வயசாகி, அதையே திரும்பப் பார்த்தவளிடம் கேட்டால் என்ன சொல்வாள்? அப்படி ஒரு சந்தர்ப்பம் 2020இல் வாய்த்தது. கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றுபோக, சேனல்கள் பழைய பெட்டியைத் திறந்தன. தூர்தர்ஷனில் 'ராமாயண்', சன் டி.வி.யில் 'மெட்டி ஒலி'. மில் மூடியிருந்தது, விசைத்தறி நின்றிருந்தது. பகலெல்லாம் எல்லோரும் வீட்டில். முதல்முறையாக இந்தப் பெண்கள் ஷிப்ட் இல்லாமல், ஜன்னல் இல்லாமல், தொடரைப் பார்த்தார்கள். மருமகள்களோடு சேர்ந்து.

பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்ப எனக்கு மருமக வரல தம்பி. எங்க மாமியா இருந்தா. சரோஜா அழுகுறப்ப எனக்கு அழுகையா வரும், நம்மளத்தான் படம் எடுத்துருக்கான்னு. இப்ப கொரானால போட்டான்ல, மருமக பக்கத்துல உக்காந்து பாக்குறா. மாமியாக்காரி பேசுறா. ஒவ்வொரு பேச்சும் நான் பேசுன பேச்சு. நகை எங்கன்னு கேட்டது, ஒங்கப்பன் என்ன செஞ்சான்னு கேட்டது. மருமக என்னைய திரும்பிக்கூட பாக்கல. அவ பாக்காம இருந்ததுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நாலு நாள் கழிச்சு சொன்னேன், அந்த ரெண்டு வளையல நீயே வச்சுக்க தாயின்னு."

அந்த மருமகள்தான் என் மதினி. அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. கொஞ்சம் கழித்து, "வளையல் வந்துச்சு. பதினாலு வருஷம் போச்சுல்ல" என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை.

எதையும் இனிப்பாக்க நான் விரும்பவில்லை. ஒரு தொடர் ஒரு குடும்பத்தைத் திருத்திவிட்டது என்று இதைப் படித்தால் 'ஹம் லோக்' காலத்து அரசு அறிவுரைக்குத் திரும்பிவிடுவோம். திருத்தியது தொடர் அல்ல. தொடர் அப்படியே இருந்தது, ஒரு வசனமும் மாறவில்லை. மாறியது பார்த்தவளின் இடம். 2002இல் சரோஜாவின் இடத்தில் உட்கார்ந்தவள் 2020இல் மாமியாரின் இடத்தில் தன்னைக் கண்டாள். அந்த இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள பதினெட்டு வருஷம்தான் இந்தத் தொடரின் வரலாறு, சன் டி.வி.யின் நிகழ்ச்சிப் பட்டியலில் அது கிடைக்காது. மூளி அலங்காரியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிய கதையை, ஒருத்தி மூளி அலங்காரியாக உட்கார்ந்து கேட்கும்போது கதையின் தந்திரம் வெளியே தெரிகிறது. நான் கொடுமைக்காரியா, என்னைக் கொடுமைக்காரியாக்கியது எது? பெரியம்மா முதல் கேள்வியோடு நின்றார். ஆனால் அந்தக் கேள்விக்கு வந்து சேர அவர் எங்கள் வாசகர் வட்டத்தை நம்பியிருக்கவில்லை.

அழுகையை நாம் மயக்கம் என்று எழுதினோம். அழுதவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்: எத்தனை பவுன், எந்த வளையல், எத்தனை வருஷம், யார் உள்ளே உட்கார்ந்தது, யார் வெளியே நின்றது. அந்தக் கணக்கை வாங்கி எழுதுவதுதான் இனிச் செய்ய வேண்டியது. அவரவர் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பெரியம்மாக்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.

பொழுது சாய வனத்துறைக்காரர் வந்து கிளம்பச் சொன்னார். பாத்திரங்களைக் கழுவி ஏற்றினோம். மில் பெண்மணியிடம் வேனில் ஏறும்போது கேட்டேன், உங்கள் மகள் 2020இல் பார்த்தாளா என்று.

"பாத்தா. மொத வாரம் பாத்தா. அப்புறம் நிறுத்திட்டா" என்றார். "நீ சொன்னப்ப நல்லா இருந்துச்சும்மான்னா."

ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.